சட்டாம்பிள்ளையும் தலைமையாசிரியரும்

உங்கள் பள்ளியில் யார் யார் பணி செய்கிறார்கள் என்று உங்களைக் கேட்டால், தலைமையாசிரியர், பாட ஆசிரியர்கள், உடற்கல்வி ஆசிரியர், எழுத்தர், மணியடிக்கும் ஊழியர், சத்துணவு ஆயா என்று மூச்சு விடாமல் அடுக்கிவிடுவீர்கள். ஆனால் அந்த வரிசையில் உங்களில் ஒருவனும் உண்டு என்பதை மறந்துவிடுவீர்கள். ஆசிரியர் வருவதற்கு முன் கரும்பலகையைத் துடைத்து, பேசுகிறவர்களின் பெயரை எழுதிவைத்து, சில சமயம் வருகைப் பதிவேட்டையும் கையில் வாங்கிப் பெயர் கூப்பிடுகிறானே, அந்த வகுப்புத் தலைவனைத்தான் சொல்லுகிறேன். சம்பளமில்லாத அந்த உத்தியோகம் உங்கள் பள்ளியிலுள்ள மற்ற எல்லா உத்தியோகங்களுக்கும் மூத்தது. தலைமையாசிரியர் என்ற பதவி நம் நாட்டில் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே அது இருந்தது. அதற்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். நம் திண்ணைகளில் பிறந்த அப்பதவி கப்பலேறி இங்கிலாந்துக்குப் போன வரலாற்றையும், அதனால் விளைந்த நன்மை தீமைகளையும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் திண்ணைப் பள்ளிக்கூடத்தை மனக்கண் முன் கொண்டுவாருங்கள். ஒரு வீட்டுத் திண்ணை, அல்லது கோவில் மண்டபம், அதுவும் இல்லையேல் ஒரு மரநிழல். ஆசிரியர் ஒருவரே. ஊருக்கு ஊர் அவரை அண்ணாவி என்றும், உபாத்தியாயர் என்றும், வாத்தியார் என்றும் அழைத்தார்கள். பிள்ளைகளைச் சேர்ப்பவர் அவர். பாடம் சொல்பவர் அவர். சம்பளம் தண்டுபவரும் அவர்தாம். பணமாகச் சிலரும், தானியமாகச் சிலரும் கொடுத்தார்கள். அமாவாசை, பௌர்ணமி தினங்களில் பிள்ளைகள் கொண்டுவரும் வாவுக்காசு வேறு. நவராத்திரி வந்தால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று பாடவைத்துப் பொருள் பெறுவதும் உண்டு. அவருக்கு மேலே அதிகாரி கிடையாது. கீழே உதவியாளரும் கிடையாது. தலைமையாசிரியர் என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லை. தலை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் உடம்பு என்று வேறொன்று இருக்கவேண்டுமல்லவா?

முப்பது நாற்பது பிள்ளைகள் இருப்பார்கள். ஒருவன் மணலில் அகரம் எழுதுவான். ஒருவன் ஆத்திசூடி ஒப்பிப்பான். மற்றொருவன் எண்சுவடியில் திணறுவான். பெரியவன் ஒருவன் ஓலையில் எழுத்தாணியால் கடிதம் எழுதிப் பழகுவான். இத்தனை நிலைகளையும் ஒருவர் எப்படி நடத்துவது? அதற்கு நம் முன்னோர் கண்ட வழிதான் சட்டாம்பிள்ளை. முற்றப் படித்த பையன் மற்றவர்களுக்கு முறை சொல்லிக்கொடுப்பான். அவர்கள் சேர்ந்து குரலெடுத்துச் சொல்வார்கள். ஆசிரியர் மூத்த பிள்ளைகளுக்கு நேரே பாடம் சொல்லிக்கொண்டு, ஒரு கண்ணைப் பள்ளி முழுவதின் மீதும் வைத்திருப்பார்.

இது நம்மவர் பெருமைக்காகச் சொல்லிக்கொள்ளும் கதை அன்று. 1823ஆம் ஆண்டில் பெல்லாரி ஜில்லாவின் கலெக்டராக இருந்த காம்பெல் என்பவர் அரசாங்கத்துக்கு எழுதிய அறிக்கையில் இந்த ஏற்பாட்டைக் கண்டபடியே எழுதியிருக்கிறார். பெல்லாரி அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. அங்கே வழங்கியவை தெலுங்கும் கன்னடமும். எனினும் பள்ளிக்கூட முறை நம் ஊர்களில் இருந்ததைப் போன்றதே. பிள்ளைகள் பெரும்பாலும் நான்கு பிரிவுகளாக இருந்தார்கள் என்றும், கீழ்ப்பிரிவுகளை மூத்த மாணவர் கவனித்தார்கள் என்றும் அவர் குறிக்கிறார். காலையில் முதலில் வருகிறவன் கையில் சரஸ்வதி என்று எழுதுவார்களாம். இரண்டாமவன் கையில் ஒரு சுன்னம். அவனுக்குப் புகழும் இல்லை, இகழும் இல்லை என்பது பொருள். மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, இப்படியே ஏறிக்கொண்டு போகும். கடைசியில் வந்தவன் கதியை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்! மூத்தவன் இளையவனுக்குக் கற்பிக்கும் இந்த முறையால் செலவும் குறைகிறது, கற்பிப்பவனுடைய அறிவும் உறுதிப்படுகிறது என்று காம்பெல் பாராட்டுகிறார். இங்கிலாந்தில் இதைப் பின்பற்றியது தகுதியான செயலே என்றும் எழுதுகிறார்.

இங்கிலாந்து எங்கே, திண்ணை எங்கே என்று நீங்கள் வியக்கக்கூடும். இடையில் ஒரு மனிதர் வருகிறார். அவர் பெயர் ஆண்ட்ரூ பெல். ஸ்காட்லாந்து நாட்டில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் ஊரில் 1753இல் பிறந்தவர். கிறிஸ்தவ குருமார்களில் ஒருவர். 1787இல் சென்னைக்கு வந்து இறங்கினார். இரண்டாண்டு கழித்து, எழும்பூரில் இருந்த இராணுவ அநாதைச் சிறுவர் விடுதியின் மேற்பார்வையாளர் ஆனார். அங்கே வளர்ந்தவர்கள் ஐரோப்பியச் சிப்பாய்களின் பிள்ளைகள். அவர்களில் பலருடைய தாய்மார் இந்தியப் பெண்கள். தகப்பன் போரில் மாண்டோ, ஊர் திரும்பியோ போக, கேட்பாரற்று நின்ற சிறுவர்கள் அவர்கள். அந்த மேற்பார்வைப் பணிக்காகத் தமக்கு அளிக்கவிருந்த சம்பளத்தைப் பெல் வேண்டாமென்று மறுத்துவிட்டார். (வேறு பல குருத்துவப் பதவிகளிலிருந்து அவருக்கு நல்ல வருமானம் வந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.)

விடுதியில் ஆசிரியர்கள் இருந்தார்கள், பாடந்தான் நகரவில்லை. எழுத்துக்களைக் கற்றுக்கொள்ளவே சிறுவர்களுக்கு மாதக்கணக்கில் ஆயிற்று. ஒருநாட் காலை பெல் குதிரைமேல் சென்றுகொண்டிருந்தபோது, ஒரு 'மலபார்' பள்ளிக்கூடத்தைக் கண்டார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரையும் மலபார் என்றே எழுதிவந்தனர். ஆகவே அவர் கண்டது நம்முடைய பள்ளிக்கூடந்தான். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். தாளில்லை, மையில்லை, பலகையில்லை. தவறினால் கையால் ஒரு தடவு, மீண்டும் புதுத்தாள்! பெல் விடுதிக்குத் திரும்பியதும் எழுத்து வகுப்புக்கு மணல் கொண்டுவரச் சொன்னார்.

இங்கேதான் கதை திரும்புகிறது. ஆசிரியர்கள் இசையவில்லை. இது நடவாத காரியம் என்றார்கள். எந்த மேலதிகாரியும் எந்தப் புது யோசனையைச் சொன்னாலும் ஆசிரியர் அறையில் முதலில் எழும் குரல் அதுதான். முப்பத்தைந்து ஆண்டு அந்த அறையில் உட்கார்ந்திருந்தவன் நான், அதனால் துணிந்து சொல்கிறேன். பெல் வற்புறுத்திப் பார்த்தார். பிறகு அவர்களை விட்டுவிட்டு, ஜான் ஃபிரிஸ்கன் என்னும் சிறுவனைக் கூப்பிட்டு எழுத்து வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். அவன் ஒரு சாதாரணச் சிப்பாயின் மகன். வயது எட்டு. முடியாது என்று பெரியவர்கள் கைவிட்ட வேலையை அந்த எட்டு வயதுப் பையன் செய்து முடித்தான்.

அதன் பிறகு பெல் பள்ளி முழுவதையும் அந்த அச்சிலே வார்த்தார். ஒவ்வொரு வகுப்பிலும் இருவர் இருவராகச் சேர்த்து, அறிந்தவன் அருகில் அறியாதவனை உட்காரவைத்தார். ஒருவன் கற்பிப்போன், மற்றவன் கற்போன். வகுப்புக்கு ஓர் உதவியாசிரியன். அவனுக்கு மேல் ஓர் ஆசிரியன். இவர்கள் எல்லாரும் சிறுவர்களே. அவர்களுக்கு மேலேதான் வயது வந்த துணையாசிரியரும் பள்ளியாசிரியரும். எல்லாருக்கும் மேலே மேற்பார்வையாளராகிய பெல். அன்றன்று எவ்வளவு பாடம் நடந்தது என்பதற்குப் பதிவேடு உண்டு. குற்றங்களை எழுத ஒரு கறுப்புப் புத்தகம் உண்டு. வாரம் ஒரு முறை அதைப் படிக்க, பையன்களே நடுவர் குழுவாக அமர்ந்து தீர்ப்புச் சொல்வார்கள். ஆசிரியருடைய கைப்பிரம்புக்கு அவர் வைத்த மாற்று அது.

இந்த ஏற்பாட்டைச் சற்று ஊன்றிப் பாருங்கள். இன்று நாம் பள்ளி நிர்வாகம் என்று சொல்வதன் எலும்புக்கூடு முழுவதும் இதில் இருக்கிறது. யார் யாருக்குப் பொறுப்பு, யார் யாரைக் கேட்கவேண்டும், கேட்டதை எங்கே எழுதவேண்டும் என்பது எல்லாம் வரையறுக்கப்பட்டுவிட்டது. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளைக்கு அதிகாரம் இருந்தது; எல்லை இல்லை. முறுக்கும் மாம்பழமும் கொடுத்து அவனைச் சரிக்கட்டிய கதைகளை எங்கள் தாத்தா காலத்தவர் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்கள். பெல் செய்தது அந்தச் சட்டாம்பிள்ளைக்கு ஒரு பதிவேட்டையும், அவனுக்கு மேலே ஒரு கண்ணையும் வைத்தது. கருத்து நம்முடையது, ஒழுங்கு அவருடையது. இரண்டையும் மறுக்காமல் ஒப்புக்கொள்வதுதான் வரலாற்றுக்கு நேர்மை.

1796இல் பெல் சென்னையை விட்டுச் சென்றார். மறு ஆண்டே இலண்டனில் தம் சோதனையைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். 1798இல் இலண்டனின் சவுத்வார்க் பகுதியில் ஜோசப் லங்காஸ்டர் என்னும் இளைஞர் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி திறந்து, இதே வகையில் நடத்தத் தொடங்கினார். யார் முதலில் கண்டார்கள் என்று இருவருடைய ஆதரவாளர்களும் பல ஆண்டு சண்டையிட்டார்கள். திண்ணையில் மணல் பரப்பிய பெயர் தெரியாத அண்ணாவியை அந்தச் சண்டையில் நினைத்தவர் சிலரே. 1811இல் இங்கிலாந்தின் திருச்சபையைச் சார்ந்தவர்கள் தேசியக் கழகம் ஒன்றை நிறுவி, பெல்லின் முறையை நாடெங்கும் பரப்பினார்கள். அதற்கு வழங்கிய பெயர் 'மதராஸ் முறை' என்பது. பெல் 1832இல் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய பொருளைக்கொண்டு அவர் பிறந்த ஊரில் எழுந்த பள்ளிக்கு மதராஸ் கல்லூரி என்று பெயர். நம் நகரம் தன் பெயரைச் சென்னை என்று மாற்றிக்கொண்ட பின்னும், ஸ்காட்லாந்தின் அந்தச் சிற்றூரில் மதராஸ் என்னும் பெயர் பள்ளி வாயிலில் நிலைத்திருக்கிறது.

இதுவரை கேட்டவர்களுக்குப் பெருமிதம் பொங்கலாம். சற்றுப் பொறுங்கள். இந்த முறை ஏன் அவ்வளவு விரைவாகப் பரவியது? அதன் கல்விச் சிறப்பு ஒரு காரணம். மலிவு மற்றொரு காரணம். இரண்டாவதே பெரிது என்று நான் கருதுகிறேன். ஒரே ஆசிரியர் ஆயிரம் பிள்ளைகளை நடத்தலாம் என்று லங்காஸ்டர் தரப்பார் சொன்னார்கள். ஆலைகள் பெருகி, ஏழைப் பிள்ளைகள் தெருவில் நிறைந்த அந்தக் காலத்தில், பணமுடையவர்களுக்கு அது தேனாக இனித்தது. பெரிய கொட்டகை, வரிசை வரிசையாகப் பலகைகள், வரிசைக்கு ஒரு சட்டாம்பிள்ளை, மேடைமேல் ஓர் ஆசிரியர். ஒரே சமயத்தில் எல்லாரும் கையைத் தூக்கவும் தாழ்த்தவும் கட்டளைகள். தவறிய பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டையைக் கட்டுவதும், கூடையில் வைத்துக் கூரையிலிருந்து தொங்கவிடுவதும் லங்காஸ்டரின் தண்டனைகளில் சில. பெல்லோ, ஏழைப் பிள்ளைகளுக்குச் செலவுமிக்க கல்வி வேண்டாம், எழுத்தும் கணக்குங்கூடக் கட்டாயமில்லை என்று பின்னாளில் எழுதினார். எழும்பூரில் ஃபிரிஸ்கன் கையில் எழுத்தைக் கொடுத்தவர் அவர்தாமா என்று ஐயுறத் தோன்றுகிறது.

சட்டாம்பிள்ளைகளால் மனப்பாடம் நடந்தது, விளக்கம் நடக்கவில்லை. தனக்குத் தெரிந்ததைத் தெரிந்த அளவில் ஒப்பிக்கப் பத்து வயதுப் பிள்ளையால் முடியும். ஏன் தெரியவில்லை என்று மற்றொரு பிள்ளையின் மனத்துக்குள் புகுந்து பார்க்க அவனால் முடியுமா? ஆசிரியரான நமக்கே அது பல நாள் கைவருவதில்லை. இங்கிலாந்தில் இந்தக் குறையை உணர்ந்து, 1846இல் கே ஷட்டில்வொர்த் என்னும் கல்வி அதிகாரி ஒரு மாற்றம் செய்தார். பதின்மூன்று வயதான தேர்ந்த மாணவரை மாணவ ஆசிரியராக எடுத்துக்கொண்டு, ஐந்து ஆண்டு பயிற்சியும் உதவித்தொகையும் அளிப்பது. அவருக்குத் தனியே பாடம் சொல்லும் கடமையைத் தலைமையாசிரியர்மேல் சுமத்துவது. சட்டாம்பிள்ளை அங்கே மெல்லத் தேய்ந்து, பயிற்சி பெற்ற ஆசிரியர் என்னும் புது வகுப்பார் தோன்றலாயினர்.

நம் நாட்டுக்குத் திரும்புவோம். சென்னை மாகாணத்தின் கவர்னராயிருந்த சர் தாமஸ் மன்றோ 1822இல் ஜில்லாதோறும் பள்ளிக் கணக்கு எடுக்கச் சொன்னார். 1826இல் அவர் தொகுத்து எழுதிய குறிப்பின்படி, 1,28,50,941 மக்களுக்குப் பள்ளிகள் 12,498. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒன்று. படித்த ஆண்பிள்ளைகள் 1,84,110, பெண்பிள்ளைகள் 4,540. இந்த இரண்டாம் எண்ணைப் பழம்பெருமை பேசுவோர் விழுங்கிவிடுவது வழக்கம். திண்ணையின் மணலில் விரல் வைக்கவே அனுமதிக்கப்படாத சாதியார் எத்தனை இலட்சம் என்பதும் இங்கே எண்ணத் தக்கது. ஆசிரியர்களைப் பற்றி மன்றோ சொன்னது சுருக்கம்: மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் அவர்களுக்குக் கிடைப்பதில்லை, அதற்குத் தக்கவர்கள் இத்தொழிலுக்கு வரமாட்டார்கள். ஜில்லாத் தலைநகரப் பள்ளியில் 15 ரூபாயும் தாலுகாப் பள்ளியில் 9 ரூபாயும் மாதச் சம்பளமாகக் கொடுத்து ஆசிரியரை அமர்த்தலாம் என்று யோசனை சொன்னார். அடுத்த ஆண்டே அவர் வாந்திபேதியால் இறந்தார், திட்டம் தளிர்க்கவில்லை.

1854இல் சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை வந்தது. அடுத்த ஆண்டில் பொதுக் கல்வி இயக்குநர் என்ற பதவி சென்னையில் ஏற்பட, அலெக்சாண்டர் ஆர்பத்நாட் முதல் இயக்குநரானார். 1856இல் அரசினர் போதனாமுறைப் பள்ளி தொடங்கிற்று. அதுவே பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. இயக்குநருக்குக் கீழே இன்ஸ்பெக்டர்கள், அவர்களுக்குக் கீழே உதவி இன்ஸ்பெக்டர்கள், அவர்களுக்குப் பதில் சொல்லத் தலைமையாசிரியர்கள் என்று ஏணி உயர்ந்தது. தலைமையாசிரியர் என்பவர் இந்த ஏணியின் ஒரு படி. மேலே உள்ளவருக்குக் கணக்கும் கீழே உள்ளவருக்குக் கட்டளையும் கொடுக்கவேண்டியவர். கணக்கு எழுத எழுத்தர் வந்தார். கட்டளையைச் சுமக்கப் பியூன் வந்தார்.

இங்கிலாந்தில் 1862 முதல், பிள்ளைகளின் வருகையையும், படிப்பு எழுத்து கணக்குகளில் இன்ஸ்பெக்டர் நடத்தும் பரீட்சையையும் பொறுத்தே பள்ளிகளுக்கு அரசாங்கப் பணம் என்று விதித்தார்கள். தேர்ச்சிக்கேற்ற மானியம் என்னும் இம்முறை நம் மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. வருகைப் பதிவேடு என்பது அன்றுதான் வெறும் குறிப்பாக இருந்த நிலை மாறிப் பணப்பெட்டியின் சாவியாயிற்று. பிள்ளை வந்தானா என்று கேட்பதற்கும், பதிவேட்டில் பிள்ளை இருக்கிறானா என்று கேட்பதற்கும் வேற்றுமை உண்டு என்பதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. அதை இனிச் சொல்கிறேன்.

1990களின் நடுவில் நான் முதன்முறையாகத் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்றேன். வானம் பார்த்த பூமி. ஊரின் பெயர் இங்கே வேண்டியதில்லை. பணியிடங்கள் பாதி காலி. ஏழாம் வகுப்பாசிரியை மகப்பேற்று விடுப்பில் சென்றிருந்தார். அவருக்குப் பதிலாள் வரவில்லை. பாட ஆசிரியர்கள் தத்தம் வேளைக்கு வந்து பாடம் நடத்திச் சென்றார்கள். பெயர் கூப்பிடும் வேலையை வகுப்புத் தலைவியான ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் விட்டேன். கையெழுத்து அழகாயிருக்கும், புத்திசாலி. மாலையில் பதிவேடு என் மேசைக்கு வரும். நான் கீழே கையொப்பமிடுவேன். அந்தச் சிறுமிக்குப் பொறுப்புணர்ச்சி வளர்கிறது என்று எனக்குள்ளே ஒரு மகிழ்ச்சியும் இருந்தது.

ஒருநாள் மத்தியானம் சத்துணவுக் கூடத்து ஆயா என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னாலும் அவர் வருவதில்லை. "சார், ஏழாங்கிளாஸ் புள்ள ஒண்ணு பன்னண்டு நாளா சாப்பிட வரலைங்க. கணக்குல இருக்குன்னு சொல்றாங்க; தட்டு வரலியே" என்றார். பதிவேட்டைப் புரட்டினேன். பன்னிரண்டு நாளும் அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே வருகைக் குறி தவறாமல் இருந்தது. அதன் கீழே என் கையொப்பமும் தவறாமல் இருந்தது.

வகுப்புத் தலைவியைக் கூப்பிட்டு விசாரித்தேன். வெகுநேரம் அழுதாள். பிறகு சொன்னாள்: தொடர்ந்து வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று பயந்து, தோழியின் பெயரைக் காப்பாற்றினாளாம். தோழியோ, முன்பணம் வாங்கிய பெற்றோருடன் முப்பது மைல் தொலைவில் ஒரு செங்கற் சூளையில் கல் சுமந்துகொண்டிருந்தாள். நான் யாரைத் தண்டிப்பது? பாட ஆசிரியர்களைக் கேட்டால், வருகை வகுப்பாசிரியர் பொறுப்பு என்றார்கள், அது உண்மை. எழுத்தரைக் கேட்டால், பதிவேட்டில் உள்ளபடிதான் மாதக்கணக்குப் போட்டேன் என்றார், அதுவும் உண்மை. பெரியவர்கள் செய்யவேண்டிய ஒரு வேலையைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் இறக்கிவைத்து, அதற்குப் பயிற்சி என்று பெயரிட்டவன் நான். பெல்லின் கதையை ஆசிரியப் பயிற்சியில் பரீட்சைக்காகப் படித்து மதிப்பெண் வாங்கியிருந்தேன். ஃபிரிஸ்கனுக்கு மேலே ஒரு கண் இருந்தது என்ற வரியின் பொருள் அன்றுதான் விளங்கிற்று.

அந்த ஆயாவைப் பற்றியும் இங்கே வரலாற்று முறையில் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பள்ளியில் உணவு என்பது நம் நாட்டில் 1920இல் சென்னை நகராட்சிப் பள்ளியில் அரும்பிய எண்ணம். 1956இல் காமராசர் முதலமைச்சராயிருந்தபோது மாநிலத் திட்டமாக விரிந்தது. அப்போது கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு அதற்குப் பெரிதும் உழைத்தார். பல ஊர்களில் ஆசிரியர்களே அரிசி பருப்புத் தண்டி, அடுப்புப் பக்கமும் நின்றார்கள். 1982இல் எம். ஜி. இராமச்சந்திரன் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தால்தான் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று தனிப் பணியாளர்கள் வந்தார்கள். அவர்களில் மிகப் பலர் பெண்கள், கைம்பெண்களும் உண்டு. ஆசிரியர் கையிலிருந்து கரண்டி இறங்கியது நல்லதே. ஆனால் பசித்த பிள்ளையைப் பார்க்கும் கண்ணும் அந்தக் கரண்டியோடு சமையற்கூடத்துக்குப் போய்விட்டதோ என்று சில வேளை எனக்குத் தோன்றும்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியர் கடமைகளை எழுத்தில் வரையறுத்திருக்கிறது: காலந்தவறாமை, பாடத்தை முடித்தல், ஒவ்வொரு பிள்ளையின் திறனையும் அறிந்து வேண்டிய கூடுதல் பயிற்சி தருதல், பெற்றோரைச் சந்தித்துப் பிள்ளையின் வருகையையும் முன்னேற்றத்தையும் தெரிவித்தல். மக்கள்தொகைக் கணக்கு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு வேலைகளில் அவர்களை ஈடுபடுத்தலாகாது என்றும், முக்கால் பங்கு பெற்றோரைக் கொண்ட மேலாண்மைக் குழு பள்ளிகளில் வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. நல்ல சட்டம். பிள்ளையின் வருகையைப் பெற்றோரிடம் தெரிவிப்பது கடமை என்று சொல்லும் அந்த ஒரு வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் செங்கற் சூளையின் புகை நினைவுக்கு வரும்.

அன்று மாலை நான் பேருந்தேறிச் சூளைக்குப் போனேன். ஆயாவும் கூட வந்தார். வழி அவருக்குத்தான் தெரியும். அவருடைய உறவினர் சிலரும் அங்கே வேலை செய்தவர்கள். தகப்பனிடம் நான் பேசியது சட்டம். ஆயா பேசியது சோறு. பிள்ளைக்கு மத்தியானச் சோறு பள்ளியில் உண்டு, இராத்திரிக்குத் தம் வீட்டில் படுத்துக்கொள்ளட்டும் என்று அவர் சொன்ன பிறகுதான் அந்த மனிதர் தலையசைத்தார். அந்த வாக்குறுதியைக் கொடுக்கும் அதிகாரம் எந்த விதிமுறையிலும் ஆயாவுக்குக் கிடையாது. சூளைக் கடன் தீரும்வரை, ஐந்து மாதம், அந்தப் பெண் ஆயாவின் வீட்டில் இருந்து படித்தாள்.

வகுப்புத் தலைவியை நான் அப்பதவியிலிருந்து நீக்கவில்லை. கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் அவளிடமே இருந்தன. கணக்கில் பின்தங்கிய இரண்டு பிள்ளைகளை அவளருகே உட்காரவைத்தேன், அதை அவள் மிக நன்றாகச் செய்தாள். பதிவேட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, வகுப்பாசிரியை திரும்பும்வரை நானே காலையில் சென்று முகம் பார்த்துப் பெயர் கூப்பிட்டேன். அதோடு, மத்தியானம் ஒன்றரை மணிக்கு ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் எத்தனை தட்டு வந்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் ஆயா எழுதி அனுப்பவேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். அவருக்கு எழுதத் தெரியாது. ஆகவே தட்டுக்கு ஒரு கோடாக இழுத்து, ஐந்தாவது கோட்டைக் குறுக்கே போட்டு அனுப்புவார். நான் அந்தப் பள்ளியை விட்டு மாறுதலில் போகும்வரை, பதிவேட்டையும் அந்தக் கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே மாலையில் கையொப்பமிட்டு வந்தேன்.